ஜெபத்துக்கு முந்திய பந்தி

போன மாதம் பதுளையில் நடந்த சபை ஊழியர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேலையை விட்டு ஓய்ந்தவளுக்கு ஒரு சால்வை, ஒரு கோப்பைத் தேநீர், கொஞ்ச நேரம் பேச்சு. நானும் பேசிவிட்டு உட்கார்ந்தேன். அப்போது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்கிற ஒரு பிள்ளை எழுந்தாள்.

"அக்கா, அன்பின் விருந்துக்கு இனிமே பந்தி போட வேணாம், ஆளுக்கொரு சோத்துப் பார்சல் குடுத்துறலாம்னு எங்க சபையில பேசிக்கிறாங்க. நீங்க என்னா சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இப்போதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்பில். சமைக்க ஆளில்லை. பதுளைக் கடையில் சொன்னால் சுடச்சுடப் பார்சல் வந்து இறங்குகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. மண்சரிவில் பாதை மூடிக் கிடந்த நாட்களில் பார்சல்தான் எங்கள் சனத்தைக் காப்பாற்றியது. அதையெல்லாம் சொல்லி, "உங்க சபை, உங்க இஷ்டம்" என்று முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெளியார் வாசித்தால் விளங்க வேண்டுமே என்று ஒரு வார்த்தை. அன்பின் விருந்து என்பது எங்கள் சபைகளில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. நேற்று முந்தாநாள் கண்டுபிடித்ததல்ல. கோயில் கட்டிடம், மணிக்கூண்டு எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே ஆதிச் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சபை என்றால் முதலில் சாப்பாடுதான்.

என் பெயர் எஸ்தர். ஸ்பிரிங்வெளி லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கவும் அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டவும் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். கண்டியில் ஊழியப் பயிற்சி. வேதபாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், நோயாளி வீட்டில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சமையல் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வேலைக்கு வந்த முதல் ஞாயிறே என் கையில் அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை, அமையவில்லையே என்று நான் அழுததுமில்லை. வேலை இருந்தது.

எனக்கு வாய்த்த போதகர் யாழ்ப்பாணத்து மனுஷர். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஓயாத காஸ்ட்ரிக். வயிறு காய்ந்தால் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். சட்டைப் பையில் எப்போதும் நாலு பிஸ்கட் ஒரு தாளில் சுற்றியிருக்கும். அதட்டிப் பேசத் தெரியாது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் ரொம்ப நேரம் துடைப்பார். நானோ வாயைத் திறந்தால் மூட மாட்டேன். எங்கள் இரண்டு பேரையும் எந்தக் கணக்கில் சேர்த்து அனுப்பினார்கள் என்று சனம் கேலி பண்ணும்.

அவரோடு நான் கண்ட முதல் விருந்தைச் சொல்லுகிறேன். கொழுந்து கூடின மாதம். ஞாயிறும் மலையில் வேலை. கிளாக்கர் வீட்டார், மருந்தகத்தார், கணக்கப்பிள்ளை வீட்டார் நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சோறு ஆறுகிறதே என்று பரிமாறினோம். அவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி, குவார்ட்டர்ஸுக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போன பிறகுதான் கொழுந்துக்குப் போன பெண்கள் நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, மாற்றுச் சேலை உடுத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கிடாரத்தின் அடியில் குழம்பு மட்டும் கிடந்தது.

அவர்களில் ஒருத்தி சோற்றைப் பிசைந்தபடி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குழம்பு நல்லாத்தாங்க இருக்கு. கோழிதான் எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல."

எல்லோரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பேசினார்.

"பிள்ளை, கொரிந்து பட்டணத்துச் சபையிலும் இதேதான் நடந்தது. பணக்காரன்ர வீட்டிலதான் கூடுவினம். அவன்ர சாப்பாட்டு அறை சின்னன். சிநேகிதர் உள்ளுக்குச் சாய்ஞ்சிருந்து சாப்பிடுவினம், மிச்சப்பேர் முற்றத்தில. வேலை வெட்டி இல்லாதவை வெள்ளண்ண வந்திடுவினம். கூலிக்காரரும் அடிமையளும் வேலை முடிச்சு வர ஒண்டும் மிஞ்சியிராது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அப்போஸ்தலர் கடிதம் எழுதி அவையளைக் கிழிச்சவர். ஆளுக்கு ஆள் காத்திருந்து சாப்பிடச் சொன்னவர்."

"அது அந்தக் காலத்துப் பட்டணம் ஐயா. இது தோட்டம். சோறு ஆறினா வெறைச்சுப் போகும்" என்றேன்.

"ஆறட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்தது ஐயாவின் சட்டம். இரண்டே இரண்டு. ஒன்று, வீட்டுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிட வேண்டும். யார் சம்பா கொண்டுவந்தது, யார் மலிவு அரிசி கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கும். சமைக்கிறவளுக்கல்லவா தெரியும் அந்தப் பாடு! சிவப்பரிசி வேக நேரமெடுக்கும். பச்சையரிசி அதற்குள் கூழாகிவிடும். சம்பா இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஐயாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "குழையட்டும்" என்றார். அந்த மனுஷருக்கு எல்லாம் 'ட்டும்'தான். கடைசியில் அரிசியை விடிவதற்குள் ஊறப்போட்டு, தண்ணீரைக் குறைத்து வைத்து, கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டு, ஈரச்சாக்கால் மூடிப் புழுங்க வைத்தால் ஓரளவுக்குச் சோறென்று சொல்லக்கூடிய ஒன்று வரும் என்று கண்டுபிடித்தேன். பார்க்க அழகில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தச் சோற்றைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிடும்.

இரண்டாவது சட்டம் இதைவிடக் கஷ்டம். இலை போட்டு, பரிமாறி, எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஐயா பந்தியின் தலைமாட்டில் நிற்பார். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் கேட்பார்.

"இன்னும் ஆர் வரவேணும்?"

ஒருவர் பெயரைச் சொன்னாலும் போதும், காத்திருக்க வேண்டியதுதான். புல்லுக்குப் போனவர், கொழுந்து நிறுக்கிற இடத்தில் தகராறு பட்டு நிற்பவள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வருகிறேன் என்றவள், எல்லோரும் வந்து உட்கார வேண்டும். கண்ணெதிரில் கறி ஆவி பறக்கும், கை வைக்கக் கூடாது. ஐயாவின் வயிறு உறுமுவது எனக்கே கேட்கும். பையில் பிஸ்கட் இருக்கும், எடுக்க மாட்டார். முதல் மாதம் ஊரே அவரைத் திட்டியது. இரண்டாம் மாதம் கிளாக்கர் மனைவி பசி தாங்க மாட்டாமல் எழுந்து, "இருங்க, நானே போய்ப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்" என்று மலைக்கே போய்விட்டாள். திரும்பி வரும்போது பார்த்தால் கொழுந்துக் கூடை இவள் முதுகில் தொங்குகிறது, கூடைக்காரி கைவீசிக்கொண்டு பின்னால் வருகிறாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு!

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் முடியாது. நான் எழுத வந்தது மடுல்சீமையில் நடந்ததை.

அங்கே ஒரு தோட்டத்தில் எங்கள் சபையில் ராசம்மா என்று ஒருத்தி இருந்தாள். பிறப்பால் இந்து. பீற்றர் என்கிற எங்கள் பையனைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தவள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் காளிமுத்து, அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. அப்பா அம்மா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கச்சியை வளர்த்ததே அவர்தான். கிறிஸ்தவனைக் கட்டுகிறேன் என்று அவள் நின்றபோதும், "எங்க இருந்தாலும் நல்லா இருந்தாச் சரி" என்று தாரை வார்த்துக் கொடுத்தவர். இரண்டு பேரும் ஒரே லயத்தில்தான் குடியிருந்தார்கள், நடுவில் நாலு காம்பரா அறைகள்தான்.

திருவிழாவில் கிடா வெட்டினால் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு கறி போகும். அது அந்தத் தோட்டத்து முறை. ராசம்மா வீட்டுக்கும் வருஷா வருஷம் காளிமுத்துவே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவளும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வருஷம் எங்கிருந்தோ ஒரு பிரசங்கக் கூட்டம் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. சாமிக்கு வெட்டின கறியைத் தின்றால் பிள்ளைகளுக்குச் சாபம் என்று போட்டு உலுப்பிவிட்டுப் போனார்கள். ராசம்மாவுக்கு அப்போது மகள் ஜெனி காய்ச்சலில் கிடந்தாள். பயந்துபோனாள். அந்த வருஷத் திருவிழாவில் அண்ணன் கொண்டுவந்த தட்டைக் கையால் தொடவில்லை.

"இது இனிமே எனக்கு வேணாம்ணே. கொண்டு போயிருங்க."

லயத்துச் சனம் அவ்வளவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. காளிமுத்து தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். பங்கைத் திருப்பினால் அந்தத் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீ எனக்கு உறவில்லை.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. பீலியில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் வாளியோடு திரும்பிப் போய்விடுவார். அவர் வீட்டில் விளக்கெரிவது அவளுக்குத் தெரியும், அவளுடைய வீட்டில் குழந்தை இருமுவது அவருக்குக் கேட்கும். பீற்றர் மரத்திலிருந்து விழுந்து செத்தபோது காளிமுத்து குழி வெட்டினார், பாடை தூக்கினார், எல்லாம் செய்தார். சாவுச் சோறு மட்டும் சாப்பிடவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. ஜெனி வளர்ந்து கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போய், எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்கிற பையனைப் பார்த்து, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

ராசம்மா என்னைத் தேடி வந்தாள். என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சேலைத் தலைப்பைக் கடித்துக் கடித்து அழுதாள்.

"எஸ்தரக்கா, அண்ணே வந்து ஒரு வாய் சோறு திங்கலேன்னா எம்புள்ளைக்கு இது கல்யாணமே இல்ல. தாய்மாமன் இல்லாத புள்ளயாக்கா அவ? கூப்பிட எனக்கு வாயில்ல. நீங்க ஐயாகிட்டச் சொல்லுங்கக்கா."

சொன்னேன். வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணக் கடுதாசி எல்லாம் தட்டில் வைத்து, ஐயாவும் நானும் காளிமுத்து வீட்டுக்குப் போனோம். நெற்றி நிறையத் திருநீறு, நரைத்த மீசை, இரும்பு மாதிரி உடம்பு. பாயை உதறிப் போட்டு உட்கார வைத்தார். சாயம் போட்டுக் கொண்டுவந்து ஐயா கையில் கொடுத்தார்.

"குடிங்க சாமி. இது ஆத்தாளுக்குப் படைக்காத டீதான். தைரியமாக் குடிக்கலாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஐயா வாங்கி ஒரு மிடறு குடித்தார். வெறும் வயிற்றில் கடுஞ்சாயம். முகம் கோணி, கையை வயிற்றில் வைத்துக்கொண்டதைக் காளிமுத்து பார்த்துவிட்டார். உள்ளே போய் ஒரு துண்டு ரொட்டி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

ஐயா கல்யாணத்துக்கு அழைத்தார். காளிமுத்து தட்டை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க கோயில் வாசலுக்கு வந்து நிக்கிறேன் சாமி. புள்ளைய ஆசீர்வாதம் பண்றேன். பந்தியில மட்டும் உக்காரச் சொல்லாதீங்க. எங்க ஆத்தாளுக்குப் படைச்சத நீங்க தின்ன மாட்டீங்க. உங்க சாமிக்குப் படைச்சத நான் மட்டும் எப்பிடித் திங்கிறது? நியாயத்தச் சொல்லுங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்கள் சொல்லுறது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

பனி மூடின பாதையில் இறங்கி வந்தோம். நான் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தேன். என்ன ஐயா, அந்த ஆள் மூஞ்சிக்கு நேரே கேட்கிறார், நீங்கள் சரி என்று சொல்லிவிட்டு வருகிறீர்களே என்று. ஐயா ஒரு வளைவில் நின்றார்.

"பிள்ளை, ஆதிச் சபைக்காரருக்கும் இந்தக் கஷ்டம் இருந்தது. அந்தப் பட்டணங்களில சந்தைக்கு வாற இறைச்சி கனக்க, அந்த ஊர்ச் சாமியளுக்குப் படைச்சு, கோயிலால வந்தது. என்ன செய்யிறது எண்டு கேட்டவை. சந்தையில வித்தால் கேள்வி கேளாமல் வாங்கித் தின்னுங்கோ, ஆனால் இது சாமிக்குப் படைச்சது எண்டு ஒருத்தர் சொல்லிப்போட்டால், சொன்னவற்ற மனசுக்காகத் தின்னாதேங்கோ எண்டு சொல்லப்பட்டது. ராசம்மா தின்னாமல் விட்டது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் அவள் கறியை மட்டுமே திருப்பிக் குடுத்தவள்? அண்ணனையும் சேர்த்தெல்லே குடுத்துவிட்டவள்."

"அதுக்கு இப்ப என்னா பண்றது?"

"அவற்ற மனசுக்கும் அதே நியாயம்தானே. எங்கட சாமிக்குப் படைச்சது எண்டு அவருக்குத் தெரியும். அப்ப படைக்காமல் குடுப்பம்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டேன். கல்யாணப் பந்தியில் முன் ஜெபம் இல்லை. சோறு வெறும் சோறாகவே இலைக்கு வரும். காளிமுத்து சாப்பிட்டு முடித்த பிறகு நன்றி ஜெபம்.

"சபை ஒத்துக்காது ஐயா."

"ஆதியில வயிறு நிறைஞ்ச பிறகு நன்றி சொல்லுற வழக்கமும் இருந்தது. புதுசா நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே அவர் பக்கம் நிற்பதென்று முடிவு செய்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சொன்ன சொல் தவறாமல் காளிமுத்து வெள்ளை வேட்டி கட்டி வந்து கோயில் வாசலுக்கு வெளியே நின்றார். ஜெனி தாலியோடு வெளியே வந்ததும் அவள் தலையில் கை வைத்தார். பக்கத்தில் ராசம்மா நின்றாள். அவளைப் பார்க்கவில்லை. திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டார். ராசம்மா சமையல் கொட்டகைக்குள் போய், கிடாரத்துக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தி உட்கார்ந்தது. பசறையிலிருந்து கொண்டுவந்த வாழையிலை. சோறு, கோழி, பருப்பு, முட்டைக்கோவா, பப்படம். மாப்பிள்ளை வீட்டார் எல்லப் பக்கத்து ஆட்கள், அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. கை வைக்கப் போனவர்களை நான் தடுத்தேன். ஐயா தலைமாட்டில் நின்றார்.

"இன்னும் ஆர் வரவேணும்?"

யார் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் மணப்பெண்ணே சொன்னாள்.

"எங்க மாமா."

ஐயா என்னைப் பார்த்தார். நான் அகப்பையை வைத்துவிட்டு மேட்டில் ஏறினேன். காளிமுத்து பீலியடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பந்தி உக்காந்திருச்சு. உங்களுக்காகப் பாத்துக்கிட்டிருக்காங்க."

"நான்தான் சொல்லிட்டேனே எஸ்தரம்மா."

"ஐயா இன்னும் ஜெபம் பண்ணல. பண்ணவும் மாட்டாராம், நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும். சோறு வெறுஞ்சோறாத்தான் கெடக்கு. எங்க சாமிகிட்ட இன்னும் காட்டல."

காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"அது ஐயா பாடு. சாப்பிட்ட பெறகு சொல்லிக்குவாராம்."

"அதுவரைக்கும் யாரும் திங்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அந்த ஐயாவுமா?"

"அவருந்தான்."

"அவருக்கு வயித்து வலியாச்சே!" என்றார். முகத்தில் நிஜமான எரிச்சல். "அன்னைக்கே பாத்தேன், ஒரு மெடறு டீக்கே சுருண்டு போனாரு. சீக்காளி மனுஷன இப்பிடிப் பட்டினி போடுவாங்களா? என்னா சனம்மா நீங்கெல்லாம்!"

சொல்லிக்கொண்டே இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அவர் கொட்டகைக்குள் வந்ததும் ஐயா தலைமாட்டை விட்டு வந்து, பந்தியின் கடைக்கோடியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். "இருங்கோ." காளிமுத்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ராசம்மா கிடாரத்துக்குப் பின்னால் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இப்போதும் ஒருவரும் சாப்பிடவில்லை. மூப்பர் தானியேல், தேயிலை ஃபெக்டரியில் பெரிய உத்தியோகம், சபையில் பெரிய குரல், ஐயாவைக் குனிந்து கேட்டார்.

"ஐயா, ஜெபம்?"

"பிறகு" என்றார் ஐயா.

தானியேலின் முகம் சிவந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுந்தால் நாலு பேர் எழுவார்கள், பிறகு காளிமுத்துவும் எழுவார், ராசம்மாவுக்கு இனி எந்த ஜென்மத்திலும் அண்ணன் இல்லை. காளிமுத்து பந்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னாங்க, எல்லாரும் என் கையவே பாத்துக்கிட்டு இருக்கீங்க? எங்க வீட்டுப் புள்ள கல்யாணம். சாப்பிடுங்க!"

பெண்வீட்டுக்காரர் சொல்லுகிற வார்த்தை அது. எங்கள் வீட்டுப் பிள்ளை. ஐயா உடனே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். தானியேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு அவரும் கை வைத்தார். பந்தி முழுக்கச் சாப்பிட ஆரம்பித்தது.

நன்றி ஜெபம் அன்றைக்கு ஐயா சொல்லத்தான் சொன்னார். எவ்வளவு நேரம் சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன். காளிமுத்துவும் எழுந்து போகாமல் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். என்னை அழவைத்தது ஜெபமல்ல, அதற்கு முன்னால் நடந்தது.

காளிமுத்து நாலு வாய் சாப்பிட்டிருப்பார். திடீரென்று கையை நிறுத்தினார். நிமிர்ந்து என்னைத் தாண்டி, ஐயாவைத் தாண்டி, கிடாரத்துப் பக்கம் பார்த்தார்.

"ஏ புள்ள ராசு, கறிக்கு உப்புப் பத்தல."

உப்புப் போட்டது நான். சரியாகத்தான் போட்டேன். அன்றைக்கு அந்தப் பந்தியில் வேறு ஒருவரும் உப்புக் குறை என்று சொல்லவில்லை. வேறு நேரமாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ராசம்மாவுக்கு முதலில் காதில் விழாத மாதிரி இருந்தது. பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இந்தா வந்துட்டேண்ணே" என்று உப்புச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சேலை தடுக்கி விழப் போனாள். இலைக்கு முன்னால் குந்தி, ஒரு சிட்டிகை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள்.

காளிமுத்து அந்த உப்பைத் தொடவில்லை. இருந்த கறியை இருந்தபடியே சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.